சனிக்கிழமைச் சத்தத்தை வெட்டச் சொல்கிறார்கள்

என் சத்தக்காரி டிலானிக்கு,

உன் கையிலிருந்த கிட்டாரை வெட்டிவிட்டார்கள்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வெட்டினார்கள். உன் அடக்கத்துக்கு அச்சடித்த அட்டையில் நாம் எடுத்த படத்தின் போஸ்டரில் இருந்த போட்டோவைப் போட்டிருந்தார்கள். முகத்தை மட்டும் போட்டிருக்கலாம். கையை அப்படியே விட்டுவிட்டு, கிட்டாரை அழித்து, பின்னால் நீல வானமும் மேகமும் வைத்தார்கள். மேகத்துக்கு நடுவில் வயிற்றுவலிக்காரி மாதிரி நின்றுகொண்டிருக்கிறாய். நீ பார்த்திருந்தால் மாதா கோயில் என்றும் பாராமல் சிரித்திருப்பாய்.

அன்றைக்கு எழுந்து பேசிய எல்லோரும் உன்னை அடக்கமான பிள்ளை என்றார்கள். அடக்கம் பண்ணுகிற அன்றுதான் அந்தச் சொல் அவர்களுக்குக் கிடைத்தது. உயிரோடு இருந்தவரைக்கும் நீ "அந்தத் துள்ளுற பெட்டை". செத்ததும் அடக்கம். இவ்வளவு சுலபமா டிலானி, ஒருத்தியை நல்ல பிள்ளை ஆக்குவது?

இன்னொன்றும் சொன்னார்கள். ஆண்டவரின் சித்தமாம். ஆண்டவரா உனக்கு வேலைக்கு ரோஸ்டர் போட்டார்? முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க மற்றவர்களைத் தூக்கிப் படுக்க வைத்தாய், இடையில் கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு மாலில் கடை வேலைக்குப் போனாய். தம்பிக்கு எப்சம் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க அதன் எல்லைக்குள் இருக்க வேண்டும், அதற்கு அங்கே வீடு வேண்டும், வீட்டுக்கு வாடகை வேண்டும். கடல் தாண்டி வந்த இந்த ஊரில் இதை எல்லோரும் செய்கிறோம். அதனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடியற்காலையில் மோட்டர்வேயில் கார் ஓட்டும்போது நீ கண் அயர்ந்ததற்கு மட்டும் ஆண்டவரைக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கும் கத்திக் கத்தி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் முதல் வருட நினைவு நாள் வருகிறது. பூசை முடிந்ததும் ஹாலில் நம் படம் "சனிக்கிழமைச் சத்தம்" போடப் போகிறார்களாம். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் போன் பண்ணினார்.

"தங்கச்சி, படம் உங்களிட்டத்தானே இருக்கு? கொஞ்சம் சுருக்கித் தாங்கோ. அந்தத் துள்ளுற பாட்டு வேண்டாம். அந்த டீச்சர் ஏசுற இடமும் வேண்டாம். பிள்ளை அடக்கமா இருக்கிற காட்சியளா எடுத்துப் போடுங்கோ."

"அவ அடக்கமா இருக்குற சீன் ஒண்ணுகூட இல்ல அங்கிள்."

"ஒண்டாவது இருக்கும், வடிவாப் பாருங்கோ."

"இருக்கு. கிளாஸ்ல தூங்குற சீன். அதுலயும் குறட்டை விடுவா."

போனை வைத்துவிட்டார்.

உனக்கு நான் படக்கதை சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மவுண்ட் வெல்லிங்டனில் வாடகை ஹாலில் நடக்கிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான் படம். புதிதாக வந்த தலைமை ஆசிரியை கிட்டார், டிரம்ஸ், ராக் எல்லாவற்றையும் தடை செய்கிறார். பிள்ளைகள் ஒலிபெருக்கியை ஹாலுக்குள் கொண்டுவந்து, ஆசிரியர்களை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கேமரா ஆடும். டிரம்ஸ் அடித்த பையன் ஒரு பாட்டிலும் நேரத்துக்கு முடித்ததில்லை. டைரக்டர் நீ, கதாநாயகி நீ, பாட்டு நீ. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று நான் ஒரு தடவை அக்கா போட்டுக் கூப்பிட்டதற்கு, "அக்கா எண்டா படத்தில இருந்து தூக்கிப்போடுவன்" என்றாய்.

நான் திருச்சியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உங்கள் மன்னார்த் தமிழ் எனக்குப் பாதி புரியாது.

தலைமை ஆசிரியையாக நடிக்க ஒப்புக்கொண்டவர் அன்று வரவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மாவைப் பிடித்து, கண்ணாடியை மாட்டி, கையில் ஸ்கேலைக் கொடுத்து நிறுத்தினாய். மன்னாரில் உண்மையிலேயே டீச்சராக இருந்தவர். இந்த நாடு அந்தச் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது எல்லர்ஸ்லியில் ஆபீஸ்கள் மூடின பிறகு போய் வேக்யூம் போட்டுச் சுத்தம் செய்கிறார். அன்றைக்கு அவர் குரல் எழுந்ததைப் பார்க்க வேண்டுமே! நீ ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாய். ஸ்கேலால் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"கதைக்காதை!"

நீ வாயை மூடினாய். அடுத்த வசனம் என்னுடையது. எனக்கு மறந்துவிட்டது. உங்கள் தமிழில் அதற்குப் பேசாதே என்று அர்த்தம் என்பது தெரியாமல், அவர் என்னைத்தான் திட்டுகிறார், கதை விடாதே என்கிறார் என்று நினைத்துவிட்டேன். பயத்தில் அழாத குறையாகச் சொன்னேன்:

"நான் கதை சொல்லல மிஸ், நிஜமாத்தான் சொல்றேன்!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. உன் அம்மா வருகைப் பதிவேட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்குவது இன்னும் படத்தில் இருக்கிறது. நீ மட்டும் சிரிக்கவில்லை. மூடிய வாயோடு கிட்டாரை எடுத்து முதல் கம்பியைத் தட்டினாய். கதைக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? அங்கேயிருந்துதான் பாட்டே பிறந்தது. ஒத்திகையில் அப்படி இல்லை.

இப்போது அந்த வசனம் எங்கெல்லாம் இருக்கிறது தெரியுமா? பிறந்தநாள் வீடுகளில், கராஜ்களில், எங்கே இந்தப் படத்தைப் போட்டாலும் அந்த இடம் வந்ததும் எல்லோரும் எனக்கு முன்னாலேயே கத்துகிறார்கள். போன மாதம் மாலில் ஒரு சின்னப் பெண் என்னைக் கைகாட்டி, "நான் கதை சொல்லல மிஸ்!" என்று கத்தினாள். அவள் அம்மா தமிழில் ஏதோ கேட்டதற்கு "வாட்டெவர்" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் நான் தப்பாகப் புரிந்துகொண்டு சொன்னது. சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் இதற்காவது நமக்கு ஒரு மாலை போடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் போனை வைத்த சூட்டோடு எப்சமுக்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா என் பக்கம் நிற்பார், இரண்டு பேருமாகச் சங்கத்தோடு சண்டை போடலாம் என்று நினைத்தேன். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"உங்க பொண்ணு படத்தை வெட்டச் சொல்றாங்க ஆன்ட்டி. அவங்க யாரு அதைச் சொல்ல?"

"நான்தான் சொன்னனான் பிள்ளை."

அவர் கோப்பையைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தத் துள்ளுற பாட்டு அவையளின்ர பிரச்சினை. எனக்கு அது இல்லை. நான் ஏசுற இடம்தான். அதை நான் கேக்க ஏலாது."

"அது நடிப்பு ஆன்ட்டி. எல்லாரும் அதுக்குத்தான் சிரிப்பாங்க."

"ஓம், சிரிப்பினம். நான் அவளின்ர முகத்துக்கு நேர கதைக்காதை எண்டுறன். அவள் வாயை மூடுறாள். பிறகு?"

"பிறகு கிட்டார் வாசிப்பா."

"அதுக்குப் பிறகு?"

அவரே சொன்னார். நீ போன அன்று காலை, வேலை முடிந்து காரில் ஏறியதும் அவருக்குப் போன் எடுத்தாயாம். சும்மா அது இது என்று தொடங்கினாயாம். "கார் ஓடேக்க கதைக்காதை, வீட்ட வந்து கதை" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

"நித்திரை வராம இருக்கத்தான் எடுத்திருக்கிறாள். எனக்கு என்ன தெரியும் பிள்ளை? நல்லதுக்குத்தானே சொன்னனான்."

எனக்குத் தெரியும் டிலானி. மற்ற நாட்களில் அந்தப் போன் எனக்குத்தானே வரும். "நித்திரை வருதடி, ஏதாவது கதை" என்பாய். முதல் தடவை நான் தூக்கக் கலக்கத்தில் பழையபடி கதை என்றால் கதைதான் என்று நினைத்து, ஒரு ராஜாவுக்கு ஏழு மகள்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். மோட்டர்வே முழுக்க நீ சிரித்துக்கொண்டே போனாய். அதற்குப் பிறகு பேசு என்றுதான் சொல்கிறாய் என்று தெரிந்தும் ராஜா கதையேதான் சொன்னேன். சிரித்தால் தூங்க மாட்டாய் என்று. அன்று காலை ஏன் அம்மாவுக்கு எடுத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. பெற்ற அம்மாவோடு பேசக் காரணம் வேண்டுமா?

நான் கிளம்பும்போது உன் அம்மா கதவு வரைக்கும் வந்தார். "அவள் வாசிக்கிற பாட்டு முழுக்க இருக்கட்டும். ஆர் என்ன சொன்னாலும் அதை வெட்டாதை. என்ர குரலை மட்டும் எடுத்துவிடு" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். அவர் ஸ்கேலைத் தட்டுகிறார், உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நீ காரணமே இல்லாமல் வாயை மூடுகிறாய். நான் யாருக்கோ பதில் சொல்கிறேன். நீ திடீரென்று கிட்டாரை எடுக்கிறாய், ஏன் எடுக்கிறாய் என்று யாருக்கும் புரியாது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் உன் பாட்டுக்குப் பிறப்பே இல்லை. அட்டையில் கிட்டாரை எடுத்துவிட்டுக் கையை வைத்தார்களே, அதே வேலையை இப்போது நான் செய்திருக்கிறேன்.

சங்கத்தோடு என்றால் சண்டை போடுவேன். உன் அம்மாவோடு எப்படிப் போடுவது? அந்தச் சொல்லை வைத்தால் அவரை அந்த ஹாலில் எல்லோர் முன்னாலும் உட்காரவைத்துக் குத்துகிறேன். எடுத்தால் உன்னைக் குத்துகிறேன். கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ரோஸ்டர் போட்டவன் நினைவு நாளுக்கு வரமாட்டான்.

இவ்வளவுதான் என்னால் உனக்கு வாக்குக் கொடுக்க முடியும். உன் பாட்டில் ஒரு நொடிகூடக் குறையாது. செயலாளர் வந்து கதவில் நின்றாலும் சத்தத்தைக் குறைக்க மாட்டேன். நினைவு நாளுக்கு முந்தின ஞாயிறு உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டாத படத்தை அவருக்கு மட்டும் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்கப்போகிறேன். பதிவேட்டுக்குப் பின்னால் அவர் சிரித்ததையும் அவர் பார்க்கட்டும். அந்த இடம் வரும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். அப்போதும் வேண்டாம் என்றால், அவர் வேண்டாம் என்றதுதான்.

ஆனால் இதை நான் தனியாக முடிவு செய்ய வேண்டுமா? டைரக்டர் நீதானே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்தச் சொல் இருக்கட்டுமா, போகட்டுமா?

எனக்கும் நித்திரை வருகிறது டிலானி அக்கா. ராஜா கதை எல்லாம் வேண்டாம். ஏதாவது கதை.

உன் தங்கச்சி,
மீனா