புதிய டெர்மினல் வாசிக்காத கோப்பு

பங்குனி 18, செவ்வாய்

ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. தக்காளிக்குத் தண்ணீர். பிறகு லப்டொப். க.பொ.த. பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பயிற்சித்தாள்களுக்கு ஒரு குறுக்குவழி: லினக்ஸ் டெர்மினலில், அந்தக் கட்டளைத் திரையில், ஒரு சொல் அடித்தால் தாள்கள் எல்லாம் வரிசையாக வரவேண்டும். .profile என்ற கோப்பில் எழுதினேன். வேலை செய்தது. ராணியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஒரு சொல் அடிச்சால் தேங்காய் துருவுமோ?" குசினியிலிருந்தே கேட்டாள். வந்து பார்க்கவில்லை.

பங்குனி 19, புதன்

டெர்மினலைத் திறந்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லையாம். நான்கு தரம் அடித்தேன். கோப்பில் எழுத்துப் பிழை இல்லை. அப்படியென்றால் நேற்று? வேலை செய்ததைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா?

அண்ணைக்கும் இப்படித்தான் தொடங்கியது. செய்யாததைச் செய்தேன் என்பார். கடைசியில் கொக்குவில் ஸ்டேசனடியில் சைக்கிளோடு நின்றார், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல். அப்போது அவருக்கு எழுபத்தொன்று. எனக்கு அந்த வயது வாற மாதம்.

"ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?" ராணி கேட்டாள்.

"வெக்கை." பொய்.

பங்குனி 20, வியாழன்

ரஞ்சினிக்குப் போன். என்னிடம் படித்தவள், இப்போது கணினி ஆசிரியை. லினக்ஸ் போட்டுத் தந்தவளும் அவள்தான்.

"நீங்கள் எழுதினது சரி, சேர். எழுதின இடந்தான் பிழை."

செவ்வாயன்று அந்தக் கோப்பை வாசிக்கும்படி நானே கட்டளை கொடுத்திருக்கிறேன். ஆகவே அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும் தெரிந்தது. .profile கணினிக்குள் நுழையும்போது வாசிக்கப்படுவது. புதிதாகத் திறக்கிற டெர்மினல் வாசிப்பது .bashrc.

காலைப் பிரார்த்தனையில் சொன்ன அறிவித்தல் பிந்தி வந்த பிள்ளைக்குத் தெரியாது. வகுப்புக் கரும்பலகையில் எழுதினால் எப்போது வந்தாலும் தெரியும். ரஞ்சினிக்குச் சொன்னேன்.

"உந்த உதாரணத்தை என்ரை வகுப்பிலை களவாய் எடுத்துச் சொல்லப்போறன், சேர்."

அப்பாடா. என் தலையில் பிழையில்லை. இரவு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

பங்குனி 21, வெள்ளி

.bashrc ஐத் திறந்தேன். அடியில், தமிழில்:

# .profile இல் எழுதக்கூடாது. புதிய டெர்மினல் அதை வாசிக்காது.
# இங்கே எழுதவும். ரஞ்சினி போனில் விளங்கப்படுத்தினாள். மாசி 12.

அதன் கீழே பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிப் பட்டியலுக்கான குறுக்குவழி. தினமும் பாவிப்பது. ரஞ்சினி போட்டுத் தந்தது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

என் எழுத்து நடை. எழுதிய ஞாபகம் ஒரு துளி இல்லை.

திரும்பவும் போன். "மாசியிலை உன்னட்டை இதையே கேட்டனானோ?"

"ஓம், சேர். அது... எனக்கும் எத்தினையோ மறக்கிறது."

மெல்லமாகச் சொன்னாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். அதுதான் கூடப் பயம்.

பங்குனி 22, சனி

வானம் மப்பு. காற்றில்லை. தக்காளிக்குத் தண்ணீர் விட்டேனா? மண் ஈரம். விட்டிருக்கிறேன்.

டொக்டரிடம் சொல்ல:
– அண்ணையின் மறதி வருத்தம்
– மாசி 12
– பிறகு வேறு ஏதும்? எனக்கு எப்படித் தெரியும்.

பத்து மணிக்கு ராணிக்கு முழுவதும் சொன்னேன். அழவில்லை. அரிசி களைந்த கையைச் சேலையில் துடைத்தாள்.

"மாசி பன்னிரண்டிலை டயறியிலை என்ன எழுதியிருக்கு?"

"பாக்கேல்லை."

"ஏன்?"

"பயமாக்கிடக்கு. நீர் வாசியும்."

கலியாணமாகி நாற்பது வருடத்தில் என் டயறியை அவள் தொட்டதில்லை. கண்ணாடி எடுத்துவரப் போயிருக்கிறாள்.