தவழாத வழி

அன்புள்ள உங்களுக்கு,

கயிலாசநாதர் கோயிலில் அன்று, அந்த வழியில் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் தவழ்ந்து வெளியே வந்தவருக்கு மறுபிறவி இல்லை என்பார்கள். நீங்கள் முட்டியெல்லாம் தூசியோடு வந்து, "இனிமே நமக்குப் பொறப்பே கெடையாதுமா, ஃப்ரீ ஆயிட்டேன். நீயும் வா" என்று சிரித்தீர்கள். நம் மகள் இறந்த பிறகு நீங்கள் சிரித்தது அன்றுதான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. முட்டி வலிக்கிறது என்றேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் விடவில்லை. "இன்னாமா, அடுத்த ஜென்மத்துல வேற புருசன் பாத்துக்கினியா?"

நான் விலகி, பிராகாரத்துச் சிறு சன்னதி ஒன்றின் முன் போய் நின்றேன். சிவனுக்கும் உமைக்கும் நடுவே குழந்தை முருகன். மணற்கல் உதிர்ந்து, குழந்தைக்கு மட்டும் முகம் இல்லை.

தவழ்வதற்கு முன்பே போனவள் அடுத்த பிறவியில் என்னிடம் வருவாள் என்றுதான் இருக்கிறேன். வந்தால், அப்பா எங்கே என்று கேட்பாளே.

இறந்த பிறகும் அவள் அழுகை நம் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போய்வந்த நாளிலிருந்து உங்களுக்குக் கேட்பதில்லை. எனக்குக் கேட்கிறது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா