சாக்பீஸில் எழுதிய பாஸ்

சேசு மரி சூசை துணை

காக்களூர்,
ஆகஸ்ட் 1973

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

ஆரோக்கியமேரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளையும் அத்தையும் சுகம். நீங்களும் சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாக இருக்கிற மனிதர் அப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார்.

பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நான் எழுதினேன். உங்கள் பதிலில் பிள்ளைக்கு ஒரு வரி, முறிந்துபோன தூண்டில் கம்புகளுக்கு இரண்டு பக்கம். எந்தக் கம்பு எந்த இடத்தில் முறிந்தது, முறியும்போது என்ன சத்தம் கேட்டது, கடைக்காரர் மூஞ்சியை எப்படி வைத்துக்கொண்டார், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை யார் ஜாடை என்று கேட்க மட்டும் தாளில் இடமில்லாமல் போய்விட்டது. உங்கள் ஜாடைதான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பாலாடையில் கொடுக்கிற தண்ணீரைக்கூடச் சோதித்துப் பார்த்துத்தான் விழுங்குகிறாள்.

நீங்கள் எழுதியதையே திருப்பிச் சொல்கிறேன், எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். கம்பெனிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் போனீர்கள். கடைக்காரர் உங்கள் கண் முன்னாலேயே கம்பை வளைத்தார். முறிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் முறிந்தது. செக்கிங் பார்த்து அனுப்பியது உங்கள் கை. ஆகவே அந்தக் கையை வைத்துக்கொண்டு முதலாளி முகத்தில் விழிக்க முடியாது, ஹவுராவில் ஒரு குடை ரிப்பேர் கடையில் சேர்ந்துவிட்டேன், இனிமேல் காக்களூருக்கு வரமாட்டேன் என்கிறீர்கள். என்னையும் பிள்ளையையும் வேப்பம்பட்டில் என் அம்மா வீட்டில் போய் இருக்கச் சொல்கிறீர்கள். நான் என்ன, முறிந்த கம்பா, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதற்கு?

இங்கே தெருவே தூண்டில் கம்பு பார்ப்பதில் கெட்டிக்காரத் தெருவாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் இவர்களில் ஒருவருக்காவது மீன் பிடிக்கக் கம்பெனியில் கம்பு செய்வார்கள் என்று தெரியுமா? எதிர்வீட்டு கிரேஸின் புருஷன், காசுக்கேத்த தோசைதானே கிடைக்கும், மலிவுக் கம்பு முறியாமல் என்ன செய்யும் என்கிறார். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் நாகமுத்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மீனு புடிக்கக் கம்பு இன்னாத்துக்குமா? கயிறு பத்தாதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். முதலாளியோ, "அவன் கைய நம்பித்தானேம்மா பொட்டிக்கு ஆணி அடிக்கச் சொன்னேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் நீங்கள் செக்கிங் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறி அவலாய்ப் போகிறதே என்று எத்தனை நாள் நின்றிருப்பேன்! கம்பை உதறி, நுனி எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை நிறுத்துகிறது என்று பார்ப்பீர்கள். வளையங்களுக்குள் பஞ்சை இழுத்து, நூல் சிக்குகிறதா என்று பார்ப்பீர்கள். கடைசியில் நுனியில் வாளியைக் கட்டித் தூக்குவீர்கள். விலை குறைந்த கம்பு மினுக்கில் குறையலாம், பிடியில் குறையக் கூடாது என்று என்னிடமே பிரசங்கம் செய்வீர்கள்.

அதைவிட ஒன்று. வளையம் கோணல் என்று நீங்கள் ஒதுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த கம்பு இருக்கிறதே, அதில்தான் அத்தை முருங்கைக்காய் பறிக்கிறார். போன வாரம் இழுத்த இழுப்பில் காய் வரவில்லை, கிளையே முறிந்து கீழே விழுந்தது. கம்பு வளைந்து நிமிர்ந்துகொண்டு சும்மா நிற்கிறது. அத்தை என்னைப் பார்த்து, "எம்புள்ள வாணாம்னு ஒதுக்குனதே இப்டி கீது. நல்லாக்கீதுன்னு அனுப்புனது எப்டிமே ஒடையும்?" என்று கேட்டார். கல்யாணமான நாள் முதல் நானும் அவரும் ஒத்துப்போன முதல் பேச்சு இதுதான். பத்தியம் முடியட்டும், நானே கம்பெனிக்குப் போய்க் கேட்கப் போகிறேன். நீங்கள் கேட்கவில்லை அல்லவா?

சாமியார் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கேட்கிறார். அப்பா வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேர் நான்தான் வைப்பேன், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நீங்கள் சட்டம் போட்டுவிட்டுப் போனதால் எல்லாரும் பாப்பா பாப்பா என்கிறார்கள். இப்படியே போனால் பள்ளிக்கூடத்திலும் பாப்பா என்றே சேர்க்க வேண்டியதுதான்.

உறைமேல் விலாசம் வழக்கம்போல் கிரேஸ் எழுதியது. உங்கள் பேரை நான் எழுத முடியுமா, சொல்லத்தான் முடியுமா? ஞாயிறு சாயங்காலம் கோவிலில் நடப்பதற்கும் உங்கள் பேர்தான் என்பதால் அதைக்கூட நான் சாயங்காலப் பூசை என்றுதான் சொல்கிறேன். "அதுக்கு ஒரு பேரு கீதேக்கா, இன்னா அது?" என்று கிரேஸ் வேண்டுமென்றே கேட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

வேறு விசேஷம் இல்லை. கோபம் மட்டும் இருந்தது, அதையும் இத்துடன் அனுப்பிவிட்டேன்.

தங்கள் மனைவி,
ஆரோக்கியமேரி


சேசு மரி சூசை துணை

காக்களூர்,
செப்டம்பர் 1973

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

ஆரோக்கியமேரி எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். கையில் குடைக்கம்பி இருந்தால் முதலில் கீழே வையுங்கள்.

கம்பெனிக்குப் போனேன். தோளில் பிள்ளை, பின்னால் முருங்கைக்காய்க் கம்புடன் அத்தை. சண்டைக்கு வருகிறோம் என்று நினைத்து வாட்ச்மேன் வழிவிட்டுவிட்டார். பெட்டி கட்டுகிற ராஜவேலுவைக் கூப்பிட்டு, கல்கத்தாப் பெட்டியில் எந்தக் கட்டுகளை அடுக்கினாய் என்று கேட்டேன். அவன் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் இருந்துவிட்டுப் புதிதாக வந்தவன், பாவம், அத்தை கையிலிருந்த கம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அண்ணன் பாஸ்னு எழுதி வெச்ச கட்டுங்கள மட்டுந்தான் அண்ணி அடுக்குனேன். எழுதாதது ஒண்ணுகூடத் தொடல" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செக்கிங் முடிந்த கட்டில் நீங்கள் ஓ.கே. என்றுதானே எழுதுவீர்கள்? பாஸ் என்று எங்கே எழுதினீர்கள்? காட்டு பார்க்கலாம் என்றேன். பெட்டியில் இடம் போதாமல் மிஞ்சிய கட்டு ஒன்று சுவரோரம் நின்றது. அதில் சாக்பீஸால், உங்கள் கையெழுத்தில், குண்டு குண்டாக, பாஸ்.

பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலாளி பயந்து நாற்காலி போடச் சொன்னார். கொடுவாவுக்கு இங்கிலீஷில் பாஸ் என்று பேர், கல்கத்தாவுக்குப் போவது பாஸ் கம்பு, அதைக் கெண்டைக் கம்போடு கலந்துவிடாதே என்று உங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தானே. நீங்கள் மீன் பேரை எழுதினீர்கள். ராஜவேலு பரீட்சை ரிசல்ட் என்று படித்தான். அவன் இருந்த பட்டறையில் செக்கிங் முடிந்த சாமானில் அப்படித்தான் எழுதுவார்களாம். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே பா. கொடுவா என்று நல்ல தமிழில் எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்? நாகமுத்து அதைத்தானே கூவி விற்கிறான்!

அந்தக் கட்டுகள் கம்பைச் சுட்டு இறுக்குகிற அடுப்பிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவை. சூடு சரியாக ஏறாத கம்புகளும் அதில் இருந்தன என்று இப்போது முதலாளியே சொல்கிறார். மறுநாள் செக்கிங் பார்க்கலாம் என்று நீங்கள் மீன் பேரை எழுதித் தனியாக வைத்தீர்கள். அதற்குள் எனக்கு வலி என்று ஆள் வந்தது. சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். அது பொய்வலி. அதற்குள் ராஜவேலு செக்கிங் ஆகாத கட்டுகள் என்று அறியாமல் அவற்றை அடுக்கி ஆணி அடித்துவிட்டான். மறுநாள் நீங்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக வந்து, ஆணி அடித்த பெட்டியைப் பார்த்து, செக்கிங் முடிந்த கட்டுகள்தான் உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டீர்கள். நீங்கள் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். அவன் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். இரண்டு பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. உங்கள் ஓ.கே. கட்டுகளை வேறு லோடுக்கு என்று அவன் நினைத்ததால் அவை அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கின்றன!

முதலாளி அவற்றை இறக்கி, உங்கள் மாதிரியே சோதிக்கிறேன் என்று உட்கார்ந்தார். வளையத்துக்குள் பஞ்சுக்குப் பதில் விரலை விட்டு மாட்டிக்கொண்டார்; எண்ணெய் போட்டு எடுத்தோம். பிறகு ஒரு கம்பை எடுத்துக்கொண்டு நாகமுத்துவோடு பழவேற்காட்டுக்கே போய்விட்டார். நாகமுத்து வேண்டா வெறுப்பாகத்தான் பிடித்தானாம். நல்ல கொடுவா ஒன்று கடித்து இழுத்ததும் கம்பு வளைந்த வளைவைப் பார்த்து முதலாளி, ஒடையப் போவுது, ஒடையப் போவுது என்று படகில் நின்று கத்தியிருக்கிறார். "சும்மா இரு நைனா, வளைஞ்சிக்கினு தான் கீது, ஒடையல" என்று நாகமுத்து அதட்டினானாம். மீன் படகுக்குள் வந்து விழுந்தது. கம்பு நிமிர்ந்துகொண்டது. இப்போது நாகமுத்து தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான்.

அந்தக் கொடுவாவில் ஒரு துண்டு நம் வீட்டுக்கு வந்தது. குழம்பு வைத்தோம். அத்தை உங்கள் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, பிறகு உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

ஆகையால் உங்கள் கையில் பழுதில்லை. முதலாளி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன வரச்சொல்லும்மா. இனிமே மீனு பேர தமிழ்ல எழுதட்டும்." செக்கிங் பார்த்த கட்டுகள் கல்கத்தாவுக்கு வருகின்றன. அதே கடைக்காரர் முன்னால் நீங்களே கம்பை வளைத்துக் காட்டிவிட்டு, அடுத்த ரயிலில் ஏறுங்கள். குடைக்கடைக்காரருக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஆனால் என் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். முறிந்தது கம்பு. ஓடிப்போனது நீங்கள். ராஜவேலுவைக் கேட்கவில்லை, முதலாளியைக் கேட்கவில்லை, கட்டினவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளையாவது கேட்டிருக்கலாம். ஒரு கம்பை இத்தனை விதமாகச் சோதிக்கிறவருக்கு எங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை வரவில்லையே என்று நினைத்தால் வயிறு எரிகிறது. நானும் இங்கே வளைந்துகொண்டுதான் இருக்கிறேன். இன்னும் முறியவில்லை. எவ்வளவு தாங்குவாள் என்று வாளி கட்டிப் பார்க்காதீர்கள்.

போன ஞாயிறு சாமியார் மறுபடி பிடித்துக்கொண்டார். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று, மெழுகுத்திரி வாங்கியாயிற்று, ஞானத்தாய் கிரேஸ் தயார், பிள்ளைக்கு இன்னும் என்னம்மா குறை என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஆசீர்வாதம் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டேன். சாமியார் சிரித்துவிட்டார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிரேஸ் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான நாள் முதல் நான் சொல்லாத உங்கள் பேர். சொன்ன பிறகுதான் தெரிந்தது, எவ்வளவு நாளாக அதைக் கூப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன் என்று.

உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திருப்பிப் பாருங்கள். விலாசம் கிரேஸ் இங்கிலீஷில் எழுதியதுதான். அதற்குமேல் தமிழில் இருக்கிற பேரை நான் எழுதினேன். தபால்காரருக்குப் புரிய வேண்டியதில்லை.

மாதா உங்கள் வழிக்குத் துணை இருக்கட்டும். பிள்ளைக்கு ஆசீர்வாதம் வேண்டும். எனக்கும்தான்.

தங்கள் மனைவி,
ஆசீர்வாதம் ஆரோக்கியமேரி