நீ அழுதபோது கட்டியிருந்த புடவை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

புதுப்புடவை மடிப்பில் இதை ஒளித்து அனுப்புகிறேன். கேமராவுக்குத் தெரியாமல் படித்துக் கிழித்துவிடு.

அந்த டிவி போட்டி வீட்டுக்குள் நீ, "என்னை வெளிய அனுப்பிடுங்கபா" என்று அழுததை ஊரே பார்த்தது. மறுநாளே காலேஜ் பெண்கள் நம் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"அங்கிள், அக்கா அழுதாங்களே, அந்தச் சாரி இருக்குதா?"

வாங்கிப் போர்த்திக்கொண்டு, கடைக் கண்ணாடி முன் உன்னைப் போலவே அழுது ரீல்ஸ் எடுக்கிறார்கள். சிரிப்புத் தாங்கவில்லை அவர்களுக்கு. ஒவ்வொருத்தியையும் உன்னைக் காப்பாற்ற ஓட்டுப் போடவைத்துத்தான் அனுப்புகிறேன். ஆகவே இந்த வாரமும் நீ வெளியே வரமாட்டாய்.

உன்னைக் கூட்டிவரச் சொல்லி அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள். பசித்தால் சாப்பிடுவாள்.

இந்தத் தடவை பச்சைப் புடவை. அழும்போது முந்தானையால் முகத்தை மூடாதே, சரிகை கசங்கித் தெரிகிறது.

உன் நல்லதுக்கே பாடுபடும்
அப்பா