பினாங்கிலிருந்து ஓடிய மோட்டார்

அன்புள்ள அத்தானுக்கு,

வயல் மோட்டார் பெட்டியில் எரிந்தது ஒரே ஒரு ஐசி சில்லுதான். பட்டுக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ரெத்தினம் நேற்றுக் கழற்றிப் பார்த்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை இடியில் போயிருக்கிறது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை, கையால் சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது. உங்கள் போனிலிருந்துதான் ஓடாது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். "சரி, மாத்திடு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இடிக்கு முந்தின நாள் நடந்ததும் உங்களுக்குத் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் நாற்றங்காலில் முளைகட்டிய விதையை விட்டோம். மறுநாள் விடியும்போது தண்ணீரை வடித்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம். வேலைக்குக் கிளம்பும் முன் வழக்கம்போலப் பொத்தானை அழுத்திவிட்டீர்கள். எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சத்தம் கேட்டால், நீங்கள் கிளம்பியாயிற்று என்று அடுப்பில் பால் வைப்பேன். அன்றைக்கும் வைத்தேன். வயல் நினைவு வந்து ஓடுவதற்குள் விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்க் கிழக்கு மூலையில் ஒதுங்கிவிட்டது.

உங்கள் தம்பி துரைராசு வரப்பில் நின்று, "அண்ணன் அங்கேருந்து தண்ணி பாய்ச்சுறாரு சரி அண்ணி, அப்படியே நாத்தையும் பறிச்சுடச் சொல்லுங்க" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. மறுபடி விதைத்தாயிற்று.

நம் மதிவதனி பள்ளியில் ஐசி பிறந்த கதையைப் பேசப் போகிறாள். என்னை உட்காரவைத்துப் பேசிக் காட்டினாள். 1958-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் எல்லாரும் கோடை விடுமுறைக்குப் போய்விட்டார்களாம். புதிதாகச் சேர்ந்த ஓர் இன்ஜினீயருக்கு மட்டும் லீவு இல்லை. அதுவரை ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே செய்து கம்பியால் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே துண்டு ஜெர்மானியத்தில் செய்துவிடலாம் என்று அவர் கண்டார். மறுவருடம் இன்னொருவர் சிலிக்கானில் அதற்கு நல்ல வழி செய்தார். அறை நிறைய இருந்த கம்ப்யூட்டர் சட்டைப்பைக்கு வந்தது அதனால்தானாம். நீங்கள் பினாங்குக் கம்பெனியில் கறுப்புக் கூடு போட்டு அனுப்பும் சில்லுகளும் அந்த வம்சம்தானே. பேசி முடித்துவிட்டு, "தனியா இருந்தவர் வீட்டுக்குக் கடிதம் போட்டிருப்பாராம்மா?" என்று கேட்டாள்.

பெட்டி வருவதற்கு முன், நாற்று விடவும் நடவுக்கும் லீவு கேட்டு வாங்கி வந்துவிடுவீர்கள். பெட்டி வைத்த பிறகு வரவில்லை. "எல்லாம் இங்கேருந்தே பாத்துக்கிறேனே" என்கிறீர்கள். பார்த்துக்கொள்கிறீர்கள், பொய்யில்லை. மதி பெரியவளான சடங்கையும் போனில்தான் பார்த்தீர்கள். பந்தியில் உங்கள் முகத்தை இலைக்கு இலை காட்டிக்கொண்டு போனார்கள். அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா அக்கா கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்தார். "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று அவர் கேட்பதற்குள் போன் அடுத்த இலைக்குப் போய்விட்டது.

இப்போது காலையில் நானே போய் மோட்டாரைப் போடுகிறேன். சத்தம் அதேதான். நீங்கள் எழுந்தீர்களா என்பதுதான் தெரிவதில்லை.

மேலும் இரண்டு வருடம் இருக்கக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்கள். என்னைக் கேட்கவில்லை, சொன்னீர்கள்.

புது ஐசி வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வரும் என்கிறார் ரெத்தினம். "வந்ததும் போட்டுரவாக்கா?" என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்துக்குக் கடைசி நாள் இம்மாதம் முப்பது. நடவு அதற்கு அடுத்த வாரம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடவன்றைக்கு உங்களையும் சேர்த்தே உலையில் அரிசி போடுவேன்.

உங்கள்
குந்தவை