மெழுகு பூசிய ஊக்கு

ராத்தா,

உம்மா தூங்கிவிட்டார். குப்பி விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். இன்று உங்கள் தையல் டப்பாவைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசம் வந்தது. நூல்கண்டுகளுக்கு அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி, என் ஊக்கு இருந்தது. புளி டின்னைத் திறக்கப் போய் நான் வளைத்த அதே தலை. அரித்து மெலிந்த கம்பிமேல் மெழுகு பூசியிருந்தது.

அலுவிகாரை நெசவு ஆலையில், நீங்கள் வேலை செய்த வெளுப்புக் கொட்டிலின் வாசலில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கும். கொண்டையூசி, ஊக்கு, எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் பெண்கள் உள்ளே போவார்கள். வெளுக்கும் தண்ணீர் இரும்பை அரிக்கும். துரு பட்ட இடத்தில் துணி பொத்தலாகும். அதனால்தான் சீமெந்துத் தொட்டி. அதன் இரும்புக் குழாய்க்கு நீங்களே தார் பூசுவீர்கள். சோடாவும் கரைத்து ஊற்றுவீர்கள். "தண்ணி புளிச்சா அதுக்குப் பசி கூடிரும் புள்ள, சோடா போட்டா அடங்கும்" என்பீர்கள்.

அன்று சோறு கொண்டுவந்த நான் ஊக்கைக் கழற்றவில்லை. முக்காடு நழுவிவிடும் என்று வெட்கம். "தலைக்குள்ள ஏதும் கெடந்தா அதையும் சிரட்டையில போட்டுட்டு வாங்க, டீச்சரம்மா" என்று கேலி செய்தீர்கள். நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊக்கு இல்லாதது தெரிந்தது. வழியில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி விரிப்புகள் நாலைந்தில் பழுப்புப் புள்ளிகள், பொத்தல்கள். ஆலை மேலாளர் மாத்தையா உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "என்னோட கவனக்கொறவுதான் உம்மா" என்றீர்கள். உம்மா திட்டித் தீர்த்தார். நான் வாய் திறக்கவில்லை. இரவு உங்கள் முதுகோடு ஒட்டிப் படுத்தேன். நீங்கள் திரும்பிக் கையை என் மேல் போட்டீர்கள். எல்லாம் தெரிந்துதான் போட்டீர்கள் என்பது இன்றுதான் புரிகிறது.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் நாளையோடு நாற்பது நாள். குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு யட்டவத்தயிலிருந்து மாமிமார் வருவார்கள். வந்தவர்களிடமெல்லாம் சொல்வதுபோல உம்மா அவர்களிடமும், மூத்தவள் தங்கமான பிள்ளை, ஆனால் கவனம் போதாது, அதனால்தான் வேலையும் போனது என்று சொல்லி அழுவார். நான் சும்மா இருந்தால் அந்தப் பேர்தான் உங்களுக்கு நிலைக்கும்.

பயமாக இருக்கிறது, ராத்தா. உம்மா அடித்தால் தாங்கிக்கொள்வேன். அடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வேன்?

விடிகாலையில் சுபஹு தொழுததும், மாமிமார் வருமுன், ஊக்கை உம்மாவின் கையில் வைத்துவிடுவேன். அதுவரைக்கும் முக்காட்டில் குத்தியிருக்கிறேன். உங்கள் மெழுகு இருக்கிறது. துணியில் கறை படவில்லை.