இல்லை என்றவருக்கு ஓர் எலுமிச்சம்பழம்

ஜூன் 7, திங்கள்

விடியலில் தூறல். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததிலிருந்து கடிகாரங்களெல்லாம் தோக்கியோ நேரம், ஏழரைக்கும் இருட்டு. சட்டைக் காலரை அம்மா திருப்பித் தைத்துக் கொடுத்தாள். பண்டார் ஹிலிர் வட்டாரத்தில் வேலை கேட்டு அலைச்சல். அரிசிக் கிடங்கில் ஆள் வேண்டாமாம். மருந்துக் கடையிலும் அதே பதில். தொழிலாளர் ஆபீசில் எழுத்து வேலைகளுக்குத் தலைவரான பெரிய கிராணி தணிகாசலம் மட்டும் உட்காரச் சொன்னார்.

"இங்கிலீஷ் படிச்சவங்க இப்ப யாருக்கு வேணும் தம்பி? நிப்பொங்கோ வருமா?"

ஜப்பான் பாஷை கொஞ்சம் வரும் என்றேன். பொய். வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் வராது. இல்லை என்றுவிட்டார்.

வேலைச் சீட்டு இல்லாத வாலிபர்களைப் பிடித்துச் சயாம் ரயில் பாதை போட அனுப்புகிறார்கள். பக்கத்தில் தெங்கேராவுக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்து போனதாம். பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

ஜூன் 8, செவ்வாய்

நல்ல வெயில். என் வழக்கப்படி நேற்று மறுத்தவர்களைப் பார்க்கக் கிளம்பினேன். ஆளுக்கு ஓர் எலுமிச்சம்பழம், நேரம் ஒதுக்கியதற்கு ஒரு நன்றி. பழம் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளின் மரத்தில் பறித்தது. தலைமுறைகளாக இங்கேயே மலாய் பேசி வாழும் செட்டிக் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. "அம்பில், அம்பில்" என்று, எடுத்துக்கொள் என்பதை மலாயில் சொல்லிக் கை நிறையத் திணிப்பார்.

அம்மாவுக்குத்தான் எரிச்சல். "இல்லன்னு சொன்னவனுக்கு எதுக்குடா கும்பிடு? அந்தப் பழத்துல ரசமாவது வைக்கலாம்."

பாலத்தில் காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் குனிந்தேன். மருந்துக் கடைக்காரர் சிரித்தார். தணிகாசலம் சிரிக்கவில்லை. பழத்தை முகர்ந்துவிட்டு என்னையே பார்த்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மரியாதையா!" பெயர், வீடு எல்லாம் விசாரித்தார். திரும்பும் வழியில் விசிலடித்தேன், வெட்கமில்லாமல்.

ஜூன் 10, வியாழன்

வேலை! தணிகாசலம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். சம்பளம், அரிசிப் பங்கு, முக்கியமாகச் சீட்டு. அம்மா அழுதேவிட்டாள்.

என்ன வேலை என்று அவளிடம் சொல்லவில்லை. ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சயாமுக்கு ஆள் சேர்ப்பது.

"அதட்டுறதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு தம்பி. நீ கும்பிட்டுப் பேசினா ஜனங்க நம்பும். மூணு மாசம், நல்ல சாப்பாடுன்னு சொல்லு, போதும்."

தலையாட்டினேன். பெரியவர் பேசும்போது தலையாட்டிப் பழகிய தலை. சனிக்கிழமை முதல் தோட்டம்.

ஜூன் 11, வெள்ளி

மழை. அஞ்சலை அக்காவிடம் மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போனேன். அவர் புருஷன் பொங்கல் கழிந்து சயாமுக்குப் போனவர். இன்றுவரை தகவல் இல்லை. அங்கே காட்டில் காய்ச்சலில் சாகிறார்கள் என்று சந்தையில் முணுமுணுப்பு.

"ஆபீஸ்ல வேலையாமே தம்பி? எங்க வீட்டுக்காரரு எப்ப வருவாருன்னு அங்க கேட்டுச் சொல்லுங்க. கூப்பிட வந்த ஆளு உங்களாட்டம் அவ்ளோ மரியாதையா பேசுச்சு. அதக் கேட்டுத்தான் இவரு போனாரு."

காசு வாங்க மறுத்துவிட்டார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வேலை வேணாம்னு சொல்லி, உன்னையே லாரியில ஏத்திட்டா?" என்றாள்.

ஜூன் 12, சனி

வானம் வெளுத்துவிட்டது. திருப்பித் தைத்த அதே சட்டை. தணிகாசலம் முன்னால் நின்று, இந்த வேலை வேண்டாம் ஐயா என்றேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னேன். மேசைமேல் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். இந்தத் தடவை இல்லை என்றவன் நான்.

அவர் பழத்தைத் தொடவில்லை. "உன் பேரு, வீடு எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி." கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

மீதிப் பழங்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ரசம் வைக்கிறாள். என் போர்வையைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.